பட்டாணியும் லைலாக்கின் மூன்று பெயர்களும்

ஒரு பொய்கூடச் சொல்லாதவர் என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒருவரை, அதே ஊர் ஏன் ஒருநாளும் நம்பவில்லை? அகநேதா வீபெயை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். அவருக்கு அடுத்த தெருவில் இருபத்தாறு வருடம் குடியிருந்தேன். ஊர்ப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். அவருடைய மகன் கொர்னேய் என்னிடம் படித்தவன். அவர்கள் வீட்டுப் பேச்சு ஒரு பழைய வட்டார ஜெர்மன், எனக்குப் பேச வராது, ஆனால் காதில் விழுந்தால் புரியும். இவ்வளவு இருந்தும் விடை கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அவருடைய கிறிஸ்தவ சபையில் சத்தியம் செய்யும் வழக்கம் கிடையாது. நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் கையை உயர்த்த மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். வாதத்தில் குறையில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒருவர் பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பேசாமையை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவர்களில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அகநேதா கேட்ட கேள்விக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்வார்.

"ஜெர்மனிக்குப் போறீங்களாமே, எஜே?" என்று கிர்கிஸ் பெண்கள் அவரை அக்கா முறை வைத்துக் கேட்பார்கள்.

"பேப்பர் குடுத்திருக்கு."

"அப்ப போறீங்க?"

"பேப்பர் குடுத்திருக்குன்னு சொன்னேன்."

கேட்டவர்கள் வாய்க்காலைத் தாண்டி வரும்போதே ஆளுக்கொரு கதையோடு வருவார்கள்.

முப்பத்தொரு வருடம் கூட்டுப்பண்ணையின் விதைக் கிடங்கில் வேலை பார்த்தவர் அவர். பட்டாணி விதை பொறுக்குவது அவர் வேலை. உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அள்ளி எறிவார். மூழ்கியதையும் நம்ப மாட்டார், ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்ப்பார். உள்ளே வண்டு இருந்தால் வெளியே ஊசிமுனை அளவு ஒரு கரும்புள்ளிதான் தெரியும். புதிதாக ஊருக்கு வந்த ஆளையும் அவர் அப்படித்தான் பார்த்தார். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் என்னையும் அப்படித்தான் பார்த்தார். புள்ளி தெரிந்ததா இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை. ஊர் அவரைச் சந்தேகித்தது உண்மை. அவரும் ஊரைச் சும்மா விட்டுவைக்கவில்லை.

அவர் வீட்டு வாசல் கதவிலிருந்து படி வரைக்கும் செங்கல் பாவிய நடை. நடைக்கு இடப்பக்கம் காய்கறிப் பாத்திகள், அவற்றில் முதல் மரியாதை பட்டாணிக்கு. வலப்பக்கம் முழுக்க, ஊதாநிறப் பூங்கொத்து விடும் லைலாக் புதர்கள்.

பட்டாணி விஷயத்தில் அவர் அவசரக்காரர். மார்ச் கடைசியில், மலை பாதி வெள்ளையாக இருக்கும்போதே, மண்ணைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்ப்பார். உதிர்ந்தால் விதைப்பு. ஒட்டினால் இன்னும் இரண்டு நாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய விதையை இரண்டு விரற்கடை ஆழத்தில் போட்டு, குருவி கொத்தாமல் இருக்க மேலே பழைய மீன்வலையை விரிப்பார். ஒரு சாண் வளர்ந்ததும், ஆப்பிள் மரத்தில் கழித்த சுள்ளிகளை ஊன்றிவிடுவார், கொடி பற்றி ஏற. பூக்கிற சமயத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை தவறினால் அன்றைக்கு யாரும் அவரிடம் பேச முடியாது. ஜூன் தொடங்கியதும் காய். வெயில் ஏறிவிட்டால் பட்டாணியில் இனிப்பு குறையும் என்று காலையிலேயே பறிப்பார். பிஞ்சைப் பாலில் வேகவைத்துக் கஞ்சி, முற்றியதை உலர்த்திப் பன்றி விலா எலும்போடு குளிர்காலச் சூப். ஜூலையில் கொடியைப் பிடுங்க மாட்டார். தரையோடு அறுப்பார். வேரில் இருக்கும் முடிச்சுகள் மண்ணுக்கு உரம், கொடி மாட்டுக்கு. அதே பாத்திக்குப் பட்டாணி திரும்பி வர நாலு வருடம் ஆகும்.

லைலாக்கோடு அவருக்கு எந்த அவசரமும் இல்லை. வேரடியில் முளைக்கும் கன்றுகளைச் செப்டம்பரில் பிரித்து நடுவார். முதல் வருடம் தண்ணீர் ஊற்றுவார், பிறகு திரும்பிப் பார்க்க மாட்டார். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். குளிர்காலத்தில் அடுப்புச் சாம்பல் கிடைக்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு வருடம் வெறும் இலை. அப்புறம் மே மாதத்தில் பத்து நாள் பூ. பூ வாடிய அதே வாரம் கொத்துகளை வெட்டிவிட வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பு. அடுத்த வருடத்து மொட்டு கோடையிலேயே உருவாகிவிடுகிறது. பனிக்காலத்தில் கத்தரியைத் தூக்குகிறவன் பூவைத்தான் வெட்டுகிறான். இந்தச் செடியைத் தின்ன முடியாது. அதன் பூவை வோட்காவில் ஊறப்போட்டு முழங்கால் வலிக்குத் தேய்ப்பது ஒன்றுதான் உபயோகம். அது பூவின் வேலையா வோட்காவின் வேலையா என்று பக்கத்து வீட்டுச் சோரோன்பாய்க்கு நெடுநாள் சந்தேகம். சோரோன்பாய் லாரி ஓட்டி ஓய்ந்தவர், முழங்கால் இரண்டும் போனவர்.

"தேய்க்கிறத விட்டுட்டு ஒரு நாள் குடிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும், எஜே."

"குடிச்சா வலி போகாது. உனக்கு முழங்கால் இருக்கிறதே மறந்துபோகும்."

"அதுவும் ஒரு வைத்தியம்தானே?"

இரண்டில் எது நல்ல செடி என்று ஒருமுறை அவரைக் கேட்டேன்.

"பட்டாணி அறுபது எழுபது நாள்ல தன் கதையச் சொல்லி முடிச்சிரும், முகாலிம்" என்றார். வாத்தியாரை ஊரில் எல்லோரும் முகாலிம் என்றுதான் கூப்பிடுவார்கள். "பூச்சி இருந்தா இருக்குன்னு காட்டிரும். லைலாக் அப்படி இல்ல. நாலு வருஷம் வாயத் தொறக்காம நம்ம மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கும்."

"அப்ப உங்களுக்குப் பட்டாணியத்தான் பிடிக்கும்?"

"எதப் பிடிக்கும்னு நீங்க கேக்கல. எது நல்லதுன்னு கேட்டீங்க."

யோசித்துப் பார்த்தால் அதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

அந்த வருடங்களில் ஜெர்மன் தெரு காலியாகிக்கொண்டிருந்தது. நூறு வருடத்துக்கும் முன்னால் இந்த மலையடிவாரத்தில் வந்து குடியேறியவர்களின் வம்சம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டைக் கேட்பவன் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். அதனால் ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தோம். எவர் வீட்டில் இந்த வருடம் ஜன்னலுக்கு வண்ணம் அடிக்கவில்லை, எவர் இரண்டு பன்றிக்குட்டி வாங்குகிற இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார் என்றெல்லாம் கவனித்தோம். சோரோன்பாயின் மனைவி புருல்ச்சா இதில் கைதேர்ந்தவர். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். உருளைக்கிழங்கு போட்டவர் செப்டம்பர் வரை இருப்பார். பட்டாணியோடு நிறுத்தியவர் ஜூனில் கிளம்புவார். இலையுதிர்காலத்தில் பூண்டு நட்டவர் அடுத்த கோடைக்கும் இருப்பார். நான் அறிந்து அவர் கணிப்பு இரண்டு வீட்டில்தான் தவறியது.

அகநேதாவின் வீட்டில் போக வேண்டும் என்று துடித்தது கொர்னேய். பண்ணை கலைந்தபின் அவனுடைய வெல்டிங் பட்டறையில் மின்சாரமும் இல்லை, ஒட்டவைக்க இரும்பும் இல்லை. அவன் மனைவி வால்யா ருஷ்யப் பெண். இரண்டு பிள்ளைகள். அவனோடு வளர்ந்த சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். விண்ணப்பம் அகநேதாவின் பெயரில்தான் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் வீட்டில் தாயிடமிருந்து ஜெர்மன் கற்றவர் என்று சொல்லத் தகுந்தவர் அவர் ஒருவர்தான். தலைநகருக்குப் போய் ஓர் அதிகாரி முன் உட்கார்ந்து பேசிக் காட்ட வேண்டும். அவர் தேறினால் ஐந்து பேருக்கும் அனுமதி. தேறாவிட்டால் ஒருவருக்கும் கிடையாது. அனுமதி வந்ததும் வீட்டைச் சோரோன்பாய் தன் மகனுக்காக எடுத்துக்கொள்வதாகக் கை குலுக்கியிருந்தார்.

அக்டோபரில் தேர்வு. செப்டம்பரில் ஒருநாள் புருல்ச்சா மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தார்.

"முகாலிம், அவங்க லைலாக் கன்னு நட்றாங்க! எட்டு! எண்ணிட்டுத்தான் வர்றேன்."

"நடட்டுமே."

"நாலு வருஷம் கழிச்சுப் பூக்கிறத, அடுத்த மாசம் தேர்வுக்குப் போறவங்க எதுக்கு நடணும்? யாருக்கு நட்றாங்க? நீங்க படிச்சவர்தானே, சொல்லுங்க."

இருவருமாகப் போனபோது சோரோன்பாய் ஏற்கனவே வாய்க்கால் ஓரம் நின்றிருந்தார். அகநேதா முழங்கால் போட்டு மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்.

"எஜே, வீணா கஷ்டப்படாதீங்க. வீடு என் கைக்கு வந்தா இதையெல்லாம் புடுங்கிட்டு ஆட்டுப்பட்டி போடப்போறேன்."

"போடு."

"புடுங்கிருவேன்னு சொல்றேன்."

"காது கேக்குது, சோரோன்பாய்."

"அப்ப எதுக்கு நட்றீங்க?"

"அடியில கூட்டமா முளைச்சிருச்சு. பிரிக்கலன்னா தாய்ச்செடி பூக்காது."

"பிரிச்சுத் தூக்கி எறியலாமே?"

"உயிரோட இருக்கே."

ஒவ்வொரு பதிலும் உண்மை. செடி வளர்க்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் திரும்பி வரும் வழியில் சோரோன்பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எவனோ நகரத்துக்காரன் அதிக விலைக்குக் கேட்டிருக்கான், முகாலிம். தோட்டத்த அழகு பண்றாங்க" என்றார். புருல்ச்சாவுக்கு வேறு சந்தேகம். "அவங்க போகவே போறதில்ல. மகனுக்குத்தான் அது தெரியாது." நான் இரண்டையும் நம்பவில்லை. இரண்டையும் தள்ளிவிடவும் முடியவில்லை.

தேர்வுக்குப் போய் வந்த அன்று அகநேதா, "பேசினேன். கேட்டாங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. அதை வாசிக்கும்போது நானும் இருக்க வேண்டும் என்று கொர்னேய் கூப்பிட்டிருந்தான். சமையலறை மேசையில் வைத்து வரி வரியாக மொழிபெயர்த்தான்.

விண்ணப்பதாரர் பட்டாணி பயிரிடுவது பற்றிப் பத்து நிமிடம் தங்குதடையில்லாமல் பேசினார். மனப்பாடம் செய்து வந்ததுபோல் இருந்தது. தோட்டத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ருஷ்யச் சொல்லைச் சொன்னார். ஜெர்மனில் சொல்லுமாறு மூன்று முறை கேட்டும் அதையே, ஒவ்வொரு முறையும் இன்னும் உரக்கச் சொன்னார். வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்தவராகத் தெரியவில்லை.

லைலாக்குக்கு ருஷ்யச் சொல் சிரேன். நாங்களும் அப்படித்தான் சொல்வோம். அகநேதாவின் வீட்டுப் பேச்சில் அது ட்சிரீன். ருஷ்ய மண்ணுக்கு வருவதற்கு முன்பே அவர்கள் கொண்டுவந்த சொல் என்று அவர்களில் படித்தவர்கள் சொல்வார்கள், நான் சரிபார்த்ததில்லை. தெரியாதவன் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். புத்தகத்து ஜெர்மனில் அதற்கு ஃப்ளீடர் என்று பெயர்.

கொர்னேய் கடிதத்தை மடித்தான். "மம்மா, ஃப்ளீடர்னு ஒரு வார்த்தை இருக்கே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நம்ம தோட்டத்துல என்ன இருக்குன்னு கேட்டான். நம்ம தோட்டத்துல ஃப்ளீடர் இல்ல."

"மே மாசம் ஜன்னலத் தொறந்தா மூஞ்சியில வந்து இடிக்குதே, அது என்ன?" என்றாள் வால்யா.

"அது ட்சிரீன். ஃப்ளீடர்னா கறுப்புப் பழம் காய்க்கிற புதர். எங்கம்மா அதோட பூவப் போட்டுத்தான் காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பாங்க. வாய்க்கால் ஓரத்துல ஒண்ணு நின்னுது. அத வெட்டி முப்பது வருஷம் ஆச்சு."

"ஒரு செடியோட பேருக்காக என் பிள்ளைங்க இங்க கெடக்கணுமா, மம்மா?" என்றான் கொர்னேய்.

"பேருதான கேட்டான்."

வால்யா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை என்றுதான் நினைத்தேன். திரும்பியபோது கண்ணில் ஈரம் இல்லை. "எட்டுக் கன்னு" என்றாள் என்னைப் பார்த்து. "செப்டம்பர்லயே எட்டுக் கன்னு நட்டாங்க, முகாலிம். அக்டோபர்ல என்ன நடக்கும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு."

அகநேதா அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அது அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அல்ல.

அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிப் பெரிதாக யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. வேற்றுச் செடியின் பெயரை வைத்து அனுமதி வாங்க மறுத்த நேர்மைக்காரி என்றும் அவரைச் சொல்லலாம். மகனைப் போகவிடாமல் தடுக்க நேர்மையையே ஆயுதமாக எடுத்த கெட்டிக்காரி என்றும் சொல்லலாம். இரண்டு அகநேதாவும் அந்த அறையில் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள், அதே குரலில். ஒரு செயலைப் பார்த்து அதன் நோக்கத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஒருநாள் அந்தத் தெருவுக்கு வந்து பார்த்திருக்கலாம்.

கொர்னேய் மேல்முறையீடு எழுதினான். பிப்ரவரியில் பதில் வந்தது. மே மாதம் இன்னொரு முறை கேட்பார்கள், அதுவே கடைசி.

வால்யா நகரத்திலிருந்து படங்கள் ஒட்டிய அட்டைகளும் ஒரு பாடப்புத்தகமும் வாங்கி வந்து தானே படித்து மாமியாருக்குப் பாடம் எடுத்தாள். லைலாக் படத்தை முதல்முறை நீட்டிய அன்று நான் அங்கே இல்லை. மறுநாள் வாய்க்காலில் வாளியோடு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டாங்க."

"என்னது?"

"ஃப்ளீடர்னு. நீட்டின உடனே. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல."

"நல்லதுதானே?"

"ஒரு நாள் சண்ட போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். இப்படிச் சட்டுனு சொன்னா எப்படி நம்புறது?"

அதன்பிறகு அந்த வீட்டில் ஓயாத பரீட்சை. ரொட்டி எடுத்து வைக்கும்போது, மாட்டைக் கறக்கும்போது, சபைக்குக் கிளம்பும்போது. வால்யா ஜன்னலுக்கு வெளியே, இலை உதிர்ந்து நிற்கும் புதரைக் காட்டிக் கேட்பாள். அகநேதா ஃப்ளீடர் என்பார். சிறிய பேத்தி ஓடி வந்து கேட்பாள். அவளுக்கும் ஃப்ளீடர். கொர்னேய் கேட்காமல் உற்றுப் பார்ப்பான். அவனுக்கும் சொல்வார். குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. விதையை உருட்டுகிற அதே நிதானம்.

மார்ச்சில் பட்டாணி விதைத்தார். வழக்கமாக ஒரு பாத்தி. அந்த வருடம் இரண்டு. புருல்ச்சாவின் கணிப்பு அத்தோடு நிலைகுலைந்தது.

"போறவங்களுக்கு ஒண்ணு போதும். இருக்கிறவங்க கூடவே உருளையும் போடுவாங்க. உருளை போடல, பட்டாணி ரெண்டு. இது எந்த ஊர் நியாயம்?"

"ஒண்ணு எனக்கா இருக்கும்" என்று சோரோன்பாய் வேலியோரம் போனார். "எஜே, ஒரு பாத்தி எனக்குத்தானே?"

"ஜூன்ல யாரு இங்க இருக்காங்களோ அவங்களுக்கு."

"அதான், அது யாரு?"

"ஜூன் வரட்டும்."

சோரோன்பாய் திரும்பி வந்து, காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார். "இந்தப் பொம்பள பொய் சொன்னாக்கூடப் பரவாயில்ல, முகாலிம். பொய்யின்னா திருப்பிப் போட்டு உண்மையக் கண்டுபுடிச்சிருவேன்."

மே ஏழாம் தேதி என் மாஸ்க்விச் காரில் அகநேதா, கொர்னேய், நான் என மூன்று பேரும் கிளம்பினோம். வால்யா வாசல்வரை வந்து, கார் நகரும்போது ஜன்னலில் குனிந்து அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னாள். அகநேதா தலையசைத்தார். வழியெல்லாம் வேலிகளுக்கு மேல் லைலாக் பூத்துக் கிடந்தது.

அந்த அலுவலகத்து நடையில் ஒரு பெஞ்சு. அறைக்குள் புழுக்கமாக இருந்ததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அகநேதாவின் முதுகும் அதிகாரியின் முகமும் தெரிந்தன. இந்த முறை ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும், முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஒரு கொத்து லைலாக்.

முதலில் பட்டாணி பற்றிக் கேட்டார். அகநேதா சொன்னார். வலையைப் பற்றி, சுள்ளியைப் பற்றி, வண்டு விழுந்த விதையைக் கண்டுபிடிப்பது பற்றி. அதிகாரி இடையில் புகுந்து, காய்ந்ததா, பச்சையா, எதை வைத்துச் சமைப்பீர்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். மனப்பாடம் செய்தவர் தடுக்கி விழுகிற இடங்கள் அவை. அகநேதா விழவில்லை. பன்றி விலா இல்லாத வருடங்களில் என்ன போட்டுச் சமைத்தீர்கள் என்றதற்கு, "பசியப் போட்டோம்" என்றார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கொர்னேய் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். தேறிவிட்டார் என்று எனக்கும் தோன்றியது.

பிறகு அந்த அம்மாள் கோப்பை மூடி வைத்தார்.

"போன தடவ எழுதினத நான் படிச்சேன். நான் வடக்குக் கடற்கரைப் பக்கத்துக்காரி. எங்கப்பா ஊர்ல ஃப்ளீடர்னா கறுப்புப் பழப் புதர்தான். இந்தப் பூவுக்கு அங்க அந்தப் பேர் கிடையாது. உங்கள விசாரிச்சவர் தெற்கத்திக்காரர், அவருக்கு அது தெரிஞ்சிருக்காது. நீங்க சொன்னது ருஷ்யச் சொல் இல்லன்னு எனக்குத் தோணுது. ஆனா எனக்குத் தோணுறத நான் எழுத முடியாது. உங்க வாயால நான் கேக்கணும். புத்தகத்துல படிச்சது எங்களுக்கு வேண்டாம், அதுக்கு இங்க மதிப்பில்ல. உங்கம்மா வாயிலேருந்து வந்தது மட்டும்தான் சேரும். புரியுதுங்களா?"

"புரியுது."

அவர் தம்ளரை முன்னால் நகர்த்தினார். "இத உங்கம்மா என்னன்னு சொல்வாங்க?"

பக்கத்தில் கொர்னேய் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உதடு ட்சிரீனின் முதல் எழுத்துக்குத் திறந்து நின்றது, சத்தம் வரவில்லை. குரல் கொடுத்தால் தேர்வே ரத்து என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அகநேதா கொத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். வெட்டிய நுனியைப் பார்த்தார். "நுனிய நசுக்காம வெச்சிருக்கீங்க. தண்ணி ஏறாது" என்றார். மேசை விளிம்பில் வைத்து, மடக்குக் கத்தியைத் தேடுகிறவர்போல் ஒரு கணம் பார்த்துவிட்டு, பெருவிரல் நகத்தாலேயே நுனியைப் பிளந்து மறுபடி தண்ணீரில் இட்டார். அவசரப்படவில்லை. அவரை நான் அறிந்த வருடங்களில் ஒரு கேள்விக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு பார்த்ததில்லை.

"ஃப்ளீடர்" என்றார்.

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. "இல்லம்மா. அது எங்க பாடப்புத்தகத்துச் சொல். உங்க வீட்டுச் சொல்லக் கேக்குறேன்."

"ஃப்ளீடர்."

"பயப்படாதீங்க. போன தடவ சொன்னதையே சொல்லுங்க. நான் திருத்தி எழுதிடுறேன். உங்கம்மா இதப் பாத்தா என்னன்னு கூப்பிடுவாங்க?"

கொர்னேய் எழுந்து நின்றுவிட்டான். அகநேதா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பெஞ்சு கிரீச்சிட்டது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், அறை சிறியது.

குளிர்காலம் முழுக்க அவருக்குக் கற்றுக்கொடுத்த சொல்லை, கற்றுக்கொடுத்தபடியே, ஓர் எழுத்து பிசகாமல், மூன்றாவது முறையும் சொன்னார்.